மற்களமும் ஆசானும்: நகரச் சிறுவர் வாழ்வில் ஒரு வரலாற்று நோக்கு

மற்போரை உடல் வலிமையின் சோதனை என மட்டும் கொள்வது அதன் வரலாற்றில் ஒரு பாதியையே காண்பதாகும். எதிரியை வீழ்த்தக் கற்பிப்பவர், வீழ்ந்தவன் எழும் முறையையும் கற்பித்தல் வேண்டும். ஆதலின் மற்களம் நிலைத்த இடமெங்கும் ஆசான் மாணாக்கர் உறவொன்றும் நிலைபெற்றது. நகரத்து வறிய சிறுவர்க்கு அவ்வுறவு எதனை அளித்தது, எங்கே தவறியது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழர்க்கு மற்போர் புதியதன்று. புறநானூற்று 80ஆம் பாடலில், ஆமூர் மல்லனை வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைச் சாத்தந்தையார் பாடுகின்றார். மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும், தந்தையாகிய தித்தன் இவ்வெற்றியைக் காணவேண்டும் என்பது புலவரின் விருப்பம். தந்தையின் அன்பினின்று விலகி நின்ற இளைஞன் களத்திலே தன் தகுதியை நிலைநாட்டியமை இதனால் புலனாகின்றது. பிற்காலத்தே பல்லவ வேந்தன் முதலாம் நரசிம்மவர்மன் (கி.பி. 630 - 668) 'மாமல்லன்' என்னும் விருதுப்பெயரைத் தாங்கினான். மாமல்லபுரம் அப்பெயரை இன்றும் சுமந்து நிற்கின்றது.

அரசவையிற் போற்றப்பட்ட இக்கலை, தொழில் நகரங்கள் எழுந்தபோது உழைப்பாளர் சேரிகளிலும் இடம்பெற்றது. டில்லியிலே பிர்லா ஆலைச் சூழலில் 1925ஆம் ஆண்டு தோன்றிய பயிற்சிக்கூடம் இதற்குத் தக்க சான்றாகும். குரு அனுமான் என அழைக்கப்பெற்றவர் (1901 - 1999) திருமணம் செய்யாது வாழ்ந்து, மாணாக்கரைத் தம் மக்களாகக் கொண்டார். விடியுமுன் எழுதல், கோதா மண்ணைக் கிளறிப் பண்படுத்தல், கூடி உண்ணல் என்பன அங்கே பயிற்சியின் பகுதிகளாயின. 1982ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியிற் பொற்பதக்கம் வென்ற சத்பால் அக்களத்தில் வளர்ந்தவரே.

வட சென்னையில் இவ்விடத்தை ஆங்கிலக் குத்துச்சண்டை பெற்றது. துறைமுகத்தையும் ஆலைகளையும் சார்ந்து வாழ்ந்தோரின் பிள்ளைகள் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை எனப் பிரிந்து பயின்றனர். இங்கு 'பரம்பரை' என்னும் சொல் கருதத்தக்கது. அது குருதியால் வருவதன்று, வாத்தியாரால் வருவது. குலப்பெருமையோ சொத்தோ இல்லாத சிறுவன், வாத்தியாரை ஏற்ற அன்றே ஒரு மரபுக்கு உரியவனானான். தனித்து நின்றவனுக்குக் கிடைத்த இவ்வுரிமையுணர்வே இக்களங்களின் முதற்பயன் எனலாம்.

ஆயினும் குறைகளை மறைத்தல் வரலாறாகாது. பழைய களங்கள் பெரும்பாலும் பெண்களுக்குக் கதவடைத்தன. ஆசானின் சொல்லுக்கு மேல்முறையீடில்லை. அவர் நல்லவராயின் மாணாக்கர் உயர்ந்தனர்; அல்லவராயின் அவர்களைக் காப்பாரில்லை. பெண்கள் மற்களத்திற் புகுந்து, 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிலே சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்ற பின்னரும் இவ்வினா தீரவில்லை. 2023ஆம் ஆண்டு அவரும் வேறு முன்னணி மல்லரும் பாலியற் துன்புறுத்தல் முறைப்பாடுகளை முன்வைத்து டில்லி வீதியில் அமர்ந்து போராட நேர்ந்தது. பதக்கம் பெற்றோர்க்கே இந்நிலையெனின், பெயரறியாச் சிறுமி எவரிடம் முறையிடுவாள்?

நியூயோர்க்கில் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'பீட் த ஸ்ட்ரீட்ஸ்' என்னும் அமைப்பை இங்கு ஒப்புநோக்கலாம். வசதி குன்றிய பகுதிகளின் சிறுவர் சிறுமியர்க்கு மற்போருடன் கல்வித்துணையையும் வழிகாட்டலையும் அது சேர்த்து வழங்குகின்றது. பழைய ஆசான் தனியொருவராகச் சுமந்த கடமை இங்கே பலர்மீது பகிரப்படுகின்றது. பலர் பொறுப்பேற்குமிடத்து, ஒருவர் தவறினும் பிறிதொருவரிடம் பிள்ளை செல்லக்கூடும்.

இவ்வரலாறு நமக்கும் அயலானதன்று. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களிலே சீனடி, சிலம்பம் என்பன ஆசான் வழியாகவே பயிலப்பட்டு வந்தன. கரைத்தீவு முதலிய புத்தளக் கரையோர ஊர்களினின்று பிழைப்பை நாடிக் கொழும்பு செல்லும் இளைஞன் முதலில் இழப்பது, தன் பெயரறிந்து அதட்டும் மூத்தோரையே. அவ்விடத்தை நிரப்பும் களம் நகரில் வேண்டும். பழைய ஆசானின் அன்பும் புதிய அமைப்பின் பொறுப்புடைமையும் அங்கே ஒருங்கிணைதல் வேண்டும். அன்பில்லாத அமைப்பிற் பிள்ளை தங்கமாட்டான். கேள்விக்குட்படாத அன்பை நம்பிப் பிள்ளையை ஒப்படைத்தலும் தகாது.