சேற்றுப் பலகை முதல் தொடுதிரை வரை



காரில் ஏறி அமர்ந்ததும் நம் கண்முன்னே ஒரு பலகை தெரிகிறது. வேகம் காட்டும் மீட்டர், பெட்ரோல் அளவு, வானொலி எல்லாம் அதில்தான் இருக்கின்றன. டேஷ்போர்டு என்று எல்லாரும் சொல்கிறோம். இந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? குதிரை வண்டிக் காலத்தில், குதிரையின் குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர்மேல் தெறிக்காமல் தடுக்க முன்பக்கத்தில் ஒரு பலகை அடித்து வைத்தார்கள். குதிரை போய் இயந்திரம் வந்தது; பலகையும் பெயரும் மட்டும் நிலைத்துவிட்டன. பிறகு அதன்மேல் ஒவ்வொன்றாக மீட்டர்களையும் பொத்தான்களையும் பதித்தார்கள்.

முதற் கார்களை ஓட்டுவது இன்றுபோல் எளிதன்று. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி காரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலும் காலடியில் மூன்று மிதிகள் உண்டு. ஆனால் வலப்புறம் இருந்தது பிரேக். நடுவில் இருந்தது பின்னோக்கிச் செல்ல. இடப்புறம் இருந்தது கியர் மாற்ற. எண்ணெய் கொடுப்பதோ ஸ்டீரிங்கின் கீழிருந்த ஒரு கைப்பிடி. இன்று ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவரை அதில் உட்கார வைத்தால், எண்ணெய் கொடுப்பதாக எண்ணிப் பிரேக்கை மிதிப்பார். எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் உலகம் ஓர் உடன்பாட்டுக்கு வரவே பல்லாண்டுகள் ஆயின. இன்றும் அது முழுமையடையவில்லை. ஜப்பானியக் கார் ஓட்டிப் பழகியவர் ஐரோப்பியக் காரில் ஏறினால், வளைவில் சிக்னல் போடுவதற்குப் பதில் வெயிலில் வைப்பரை ஆட்டிக்கொண்டு போவதை நம் சாலைகளில் காணலாம்.

அது சிரிப்போடு போய்விடும். சிரிக்க முடியாத கதைகளும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, திடீரென்று வயிற்றை மோதி உடைந்தன. விமானிகள் கவனக் குறைவானவர்கள் என்றார்கள். அல்போன்ஸ் சபானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானிகளை விட்டுவிட்டு, அவர்கள் அமர்ந்த அறையைப் பார்த்தார். இறக்கைத் தடுப்பை மடக்கும் விசையும் சக்கரத்தை மடக்கும் விசையும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே வடிவில் இருந்தன! களைத்துப்போன விமானி ஒன்றைத் தொடுவதாக எண்ணி மற்றொன்றைத் தட்டிவிட்டார். சபானிஸ் ஒன்றின் முனையில் சிறு ரப்பர்ச் சக்கரத்தையும், மற்றதன் முனையில் ஆப்பு வடிவக் கட்டையையும் பொருத்தச் செய்தார். பார்க்க வேண்டியதில்லை, தொட்டாலே தெரியும். இன்றைய விமானங்களிலும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவிலேயே இருக்கிறது.

இதே பாடத்தைக் கார் உலகம் தாமதமாகக் கற்றது. சில அமெரிக்கக் கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியரை அடுத்தே பின்னோக்கிச் செல்லும் கியர் இருந்தது. கை சற்றுத் தவறினால் கார் பின்னால் பாயும். 1965இல் ரால்ஃப் நேடர் தம் நூலில் இதைக் கடுமையாகச் சாடினார். இரண்டுக்கும் நடுவே நியூட்ரல் இருந்தே தீர வேண்டும் என்ற அமெரிக்க விதி 1968இல் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1983இல் புரோட்டோன் நிறுவப்பட்டது. 1985 ஜூலையில் முதல் சாகா வெளிவந்தது. மிட்சுபிஷியின் வடிவமைப்பை ஒட்டிய அந்தக் காரில் குமிழைத் திருகினால் குளிர்காற்று, பொத்தானை அழுத்தினால் வானொலி. ஒரு வாரம் ஓட்டினால் போதும், பிறகு கையே வழி தெரிந்துகொள்ளும். அடுத்த ஆண்டே, அதாவது 1986இல், அமெரிக்காவில் பியூக் ரிவியேரா கார் தொடுதிரையோடு வந்தது. சிறு தொலைக்காட்சிப் பெட்டி போன்ற அந்தத் திரைக்குள் வானொலியும் குளிர்சாதனமும் அடங்கியிருந்தன. சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று ஓட்டியவர்கள் முணுமுணுத்தார்கள். 1990ஆம் ஆண்டுக் காரில் திரை போய்ப் பொத்தான்கள் திரும்பி வந்தன.

ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 2012இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தபோது உலகமே வியந்தது. நம் புரோட்டோனும் 2018 டிசம்பரில் எக்ஸ்70 காரில் வாய்ச்சொல்லுக்குக் கட்டுப்படும் வசதியைத் தந்தது. 'ஹாய் புரோட்டோன்' என்று கூப்பிட்டுக் கட்டளை இடலாம். திரைகள் பெருகியதற்குப் புதுமை மட்டும் காரணமன்று. இருபது பொத்தான்களுக்கு இருபது கம்பிகள் இழுப்பதைவிட ஒரு திரை பொருத்துவது மலிவு. கார் விற்ற பிறகும் மென்பொருளை மாற்றலாம். பின்புறக் கேமராவுக்கும் எப்படியும் ஒரு திரை வேண்டும்.

செலண்டார்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலையில் கார் குலுங்கும்போது, வழவழப்பான கண்ணாடியில் விரல் ஓரிடத்தில் நிற்குமா? மழையில் முன்கண்ணாடி ஆவி படிந்து மறைக்கும்போது, அதைப் போக்கும் விசை திரையின் மூன்றாம் பக்கத்தில் இருந்தால் யாருக்கு என்ன பயன்? 2022இல் சுவீடன் நாட்டுக் கார் இதழொன்று இதைச் சோதித்தது. வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர், நம் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வரம்பு. வெப்பத்தைக் கூட்டுவது, வானொலி நிலையத்தை மாற்றுவது போன்ற சில வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் கொண்ட 2005ஆம் ஆண்டு வோல்வோ காரில் 10 விநாடியில் முடிந்தது. கார் சுமார் 300 மீட்டர் ஓடியிருந்தது. திரையை நம்பிய புதிய கார்களில் மிகவும் பின்தங்கியதில் ஏறத்தாழ 45 விநாடி ஆயிற்று. அதற்குள் கார் 1,300 மீட்டருக்கு மேல் ஓடிவிட்டது!

நம் மலாக்கா நீரிணையை அடுத்த சிங்கப்பூர் நீரிணையில் நடந்ததை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 2017 ஆகஸ்டு 21 விடியற்காலையில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூரை நெருங்கிக்கொண்டிருந்தது. சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் இயக்கும் கப்பல் அது. ஒரே மாலுமிக்குச் சுமை அதிகம் என்று வேகக் கட்டுப்பாட்டை மட்டும் பக்கத்து இருக்கைக்கு மாற்றச் சொன்னார் கப்பல் தலைவர். திரையில் அதைச் செய்யும்போது சுக்கானும் சேர்ந்து மாறிவிட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று மாலுமி பதறினார். வேகத்தைக் குறைக்க முயன்றபோது ஒரு பக்கத்து உந்துகருவி மட்டுமே குறைந்தது. கப்பல் இடப்புறம் திரும்பி ஓர் எண்ணெய்க் கப்பலின் பாதையில் புகுந்தது. மோதலில் பத்து மாலுமிகள் மாண்டனர். பயிற்சிக் குறையோடு, அந்தத் திரையின் அமைப்பையும் 2019இல் விசாரணை அறிக்கை குறை கூறியது. அதே ஆண்டில், கையால் தள்ளும் வேக நெம்புகோல்களையே மீண்டும் பொருத்தப் போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.

கார் நிறுவனங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகின்றன. நம் அலோர் காஜா மாவட்டத்துப் பெகோவில் 2003 முதல் தொழிற்சாலை நடத்தும் ஹோண்டா, அமெரிக்காவில் விற்ற தன் கார்களில் வானொலியின் ஒலிக் குமிழை எடுத்துவிட்டுத் திரையில் வைத்திருந்தது, வாங்கியவர்கள் விடவில்லை. 2017ஆம் ஆண்டு சிஆர்-வி காரில் குமிழ் திரும்பி வந்தது. ஐரோப்பாவில் கார்களுக்குப் பாதுகாப்பு நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் சிக்னல், அபாய விளக்கு, வைப்பர், ஹார்ன், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டு இயக்கும் விசைகளை எதிர்பார்க்கிறது. அவசர அழைப்பைத் தவிர மற்ற நான்கும், முதல் சாகாவில் ஓட்டுநரின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவைதாம்.