எம்டன் வருஷத்துப் பிள்ளைகள்

ராயபுரத்திலோ காசிமேட்டிலோ ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பாட்டியிடம் வயது கேட்டிருந்தால், எண் பதிலாக வந்திருக்காது. "எம்டன் குண்டு போட்டப்போ நான் எங்கம்மா இடுப்புல இருந்தேம்பா, நீயே கணக்குப் போட்டுக்கோ" என்ற மாதிரிதான் பதில் வந்திருக்கும். கேட்டவர் விரல்விட்டு எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். பிறந்த தேதி தெரியாது, ஆனால் பிறந்த காலம் தெரியும். இந்தக் கணக்கு முறையில்தான் வடசென்னையின் பல தலைமுறைகள் தங்கள் வயதை நினைவில் வைத்திருந்தன.

எம்டன் கணக்கு மிகத் துல்லியமானது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணியளவு. கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல், சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே நின்று தேடுவிளக்கைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. அடுத்து, துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் மீது திரும்பியது. அரை மணி நேரத்தில் சுமார் 125 குண்டுகள் வெடித்தன. கரையிலிருந்து பீரங்கிகள் பதில் சொல்லத் தொடங்கியதும் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் மறைந்துவிட்டது. தொட்டிகள் எரிந்த வெளிச்சத்தில் ராயபுரமே விடிந்ததுபோல் இருந்திருக்க வேண்டும். அடுத்த சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மூட்டை கட்டிக்கொண்டு ஊரை விட்டுப் போனார்கள். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. அதற்குப் பிறகும் கிழவிகளின் பேச்சில் எம்டன் பல பத்தாண்டுகள் மிதந்துகொண்டுதான் இருந்தது.

இதற்கு முந்தைய தலைமுறைக்குத் தாது வருஷப் பஞ்சம் அடையாளம். அறுபது தமிழ் வருஷங்களின் வட்டத்தில் தாது 1876இல் வந்தது, மறுபடி 1936இல் வந்தது. வருஷப் பெயரை மட்டும் சொன்னால் எந்தச் சுற்று என்று குழப்பம் வரும். பஞ்சத்தைச் சேர்த்துச் சொன்னால் வராது. எம்டன் வந்தது ஆனந்த வருஷம். ஆனால் ஆனந்த என்று சொன்னவர்களைவிட எம்டன் என்று சொன்னவர்களே அதிகம்.

அடுத்த ஆணி 1942இல் அடிக்கப்பட்டது. அந்த ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று ஊரே நம்பியது. அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. குண்டுவீச்சில் கூண்டு உடைந்து தெருவுக்கு வந்துவிடும் என்று அஞ்சி, மிருகக்காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களின் பதற்றத்தைச் சொல்லவே வேண்டாம். இன்று எண்பதைத் தாண்டிய பலருக்கு "ஊரைக் காலி பண்ண வருஷம்"தான் பிறப்புச் சான்றிதழ். பிறகு, ஸ்டமாட்டிஸ் கப்பலை மெரினாவில் தரைதட்ட வைத்த 1966 நவம்பர் புயல். 2004 டிசம்பர் 26 சுனாமி. எண்ணூரில் கடைசியாகச் சேர்ந்தது 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்தில் பரவிய மாதம். "எண்ணெய் வந்தப்போ பேத்தி கைக்குழந்தை" என்று இன்னும் நாற்பது ஆண்டு கழித்து யாராவது சொல்லக்கூடும்.

காகிதத்தின் கணக்கு வேறு. நாடு முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் எழுதியதே பிறந்த நாள். அதனால்தான் ஒரு தலைமுறையே ஜூன் மாதத்தில் பிறந்ததுபோல் ஏடுகளில் நிற்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இதே கோளாறுதான். வயது சொல்லத் தெரியாதவர்கள் அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று முழு எண்ணாகச் சொல்ல, அந்த வயதுகளில் மட்டும் ஆட்கள் குவிந்து கிடப்பார்கள். கணக்கெடுப்பவர்கள் கையில் உள்ளூர் நிகழ்வுகளின் பட்டியலைக் கொடுத்து அனுப்பும் வழக்கம் இதனால்தான் வந்தது. பாட்டிகளின் முறையை அரசாங்கம் கடன் வாங்கிக்கொண்டது என்றும் சொல்லலாம்.

நேற்று மத்தியானம் என்ன குழம்பு என்று சொல்லத் தடுமாறுகிறவர், எழுபது ஆண்டுக்கு முந்தைய ஓர் இரவைப் பிட்டுப்பிட்டு வைப்பது எப்படி? பிரெஞ்சு அறிஞர் தியோடுல் ரிபோ 1881லேயே இதைக் கவனித்து எழுதினார்: நினைவு சிதையும்போது புதியவை முதலில் போகும், பழையவை கடைசியில் போகும். பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். வயதானவர்களை வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வரும். முதல் சம்பளம், கல்யாணம், தலைப்பிள்ளை, எல்லாம் அந்தக் கட்டத்தில்தான். அதிர்ச்சியான செய்தியைக் கேட்ட கணம் போட்டோ பிடித்ததுபோல் மனதில் பதிவதைப் பற்றி உளவியலாளர்கள் ரோஜர் பிரவுனும் ஜேம்ஸ் குலிக்கும் 1977இல் எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணம் கென்னடி கொலை. ராயபுரத்துக்கு எம்டன்.

ஆனால் பளிச்சென்று இருப்பதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், உளவியலாளர் உல்ரிக் நைஸர் தன் மாணவர்களிடம் அந்தச் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டார்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்து மறுபடி கேட்டபோது பலரின் கதை மாறியிருந்தது, உறுதி மட்டும் குறையவில்லை. எம்டனுக்கும் இப்படி ஒரு கதை ஒட்டிக்கொண்டது. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்று தமிழ்நாட்டில் பலர் இன்றும் நம்புகிறார்கள். அதற்கு உறுதியான ஆதாரம் எதையும் வரலாற்றாசிரியர்கள் காட்டியதில்லை. தனி மனிதர் மறப்பதைப்போலவே ஊரும் மறக்கும், மறந்த இடத்தை விருப்பப்பட்டதைக் கொண்டு நிரப்பிக்கொள்ளும்.

வயதுக்குப் புயலும் போரும் உதவின. அன்றாடத்துக்கு ஆலைகள் உதவின. 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு முதல் ரயில் புறப்பட்டதிலிருந்தே இந்தப் பகுதி மணி பார்த்து வாழப் பழகியது. பிறகு திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, கார்போரண்டம், விம்கோ, எண்ணூரில் அசோக் லேலண்ட், 1970இலிருந்து அனல் மின்நிலையம். ஷிப்ட் மாறும்போது ஊதும் சங்கு வேலைக்காரர்களுக்கு மட்டும் ஊதவில்லை. சங்கு கேட்டால் உலை வைக்கணும், அடுத்த சங்குக்கு டிபன் கேரியர் தயாராகணும், சாயங்காலச் சங்குக்குப் பிள்ளைகள் வீடு திரும்பணும் என்று சுற்றுவட்டாரமே அதைக் கேட்டு நடந்தது.

இது சாதாரண விஷயமல்ல என்பதை 1995இல் ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற அமெரிக்க உளவியலாளர்களும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு காட்டியது. (சார்பியல் கொள்கையின் ஐன்ஸ்டைன் வேறு.) 'பத்து நிமிடம் கழித்து இதைச் செய்' என்றால் முதியவர்கள் இளைஞர்களைவிட அதிகம் தவறவிடுகிறார்கள். 'இந்த அடையாளம் வந்ததும் இதைச் செய்' என்றால் வித்தியாசம் பெரிதாகத் தெரிவதில்லை. ஆலைச் சங்கு செய்ததும் அதைத்தான். நேரத்தை மனதில் சுமக்கும் வேலையை அது காதுக்கு மாற்றிக் கொடுத்தது. முப்பது வருஷம் சங்குக்கு எழுந்தவர் ஓய்வு பெற்ற ஆறாம் மாதம் மாத்திரை போட்டோமா இல்லையா என்று தடுமாறினால், மூளை தேய்ந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. அவரைத் தாங்கியிருந்த கால அட்டவணை போய்விட்டது என்பதும் ஒரு காரணம்.

வீடும் தெருவும் தாங்க முடியாதவர்களுக்கு ராயபுரம் வேறோர் இடம் வைத்திருந்தது. ஹைதர் அலியோடு நடந்த போரின்போது பஞ்சம் வந்து மக்கள் சென்னைக்குத் திரண்டபோது, 1782இல் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் மணியக்காரர் சத்திரம். 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் அங்கே ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். அந்த வேரிலிருந்து வளர்ந்த மருத்துவப் பள்ளிதான் 1938இல் முன்னாள் கவர்னர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்றது. பெரியவர்கள் மட்டும் இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்கிறார்கள். பழைய ஜெயில் ரோட்டில் சத்திரம் ஆதரவற்ற முதியோர் இல்லமாகத் தொடர்ந்து நடந்துவருகிறது.

முதுமைக்கென்றே தனி மருத்துவம் என்ற எண்ணம் சென்னைக்கு 1978இல் வந்தது. அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கான புறநோயாளிகள் பிரிவைத் தொடங்கினார். 1988இல் படுக்கைகளும் வந்தன. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்குப் பட்டமேற்படிப்பு தொடங்கியது. அதுவரை மறதி என்று யாரும் டாக்டரிடம் போனதே அரிது. "வயசானா அப்படித்தான்" என்பதே மருந்துச் சீட்டு.

போனாலும் அளக்க அளவுகோல் இல்லை. உலகம் முழுக்கப் பயன்பட்ட 1975ஆம் ஆண்டு அமெரிக்கச் சோதனை, இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழி, ஒரு சொல்லைப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டு என்றெல்லாம் கேட்கும். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத மீன்காரம்மா இதில் தோற்றுப்போவார். அதே அம்மா கூடை மீனுக்கு ஏலம் கேட்டு, மூன்று பேருக்குக் கடன் கொடுத்து, யார் எவ்வளவு பாக்கி என்பதை வாய்க்கணக்காக வைத்திருப்பார்.

இந்தக் குறையைச் சரிசெய்ய 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் ஒரு குழு அமைத்தார்கள். மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதால் குழுவின் பெயர் 10/66. இந்தியாவில் அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு இடங்களும் தமிழ்நாட்டில் இருந்தன: சென்னை நகரமும் வேலூரை ஒட்டிய கிராமங்களும். ஒவ்வோர் இடத்திலும் 65 வயது தாண்டிய ஏறக்குறைய ஆயிரம் பேரை வீடு வீடாகப் பார்த்தார்கள். சொன்ன வயதும் சான்றிதழும் உறவினர் சொல்வதும் ஒத்துப்போகாதபோது என்ன செய்தார்கள் தெரியுமா? நிகழ்வு நாட்காட்டியை எடுத்தார்கள். எம்டன் கணக்கு அறிவியல் ஆய்விலும் இடம்பிடித்தது.

2008இல் வெளியான முடிவுகளில் ஒன்று வியப்பானது. அமெரிக்க வரையறைப்படி பார்த்தால் வேலூர் கிராமங்களில் 0.3 சதவீதம் பேருக்கு மட்டுமே மறதிநோய். 10/66 முறையில் அது பல மடங்கு உயர்ந்தது. அமெரிக்க வரையறை, மறதியால் அன்றாட வேலை கெட்டிருக்க வேண்டும் என்கிறது. இங்கோ பாட்டியின் வேலைகளை மருமகள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருப்பார். தாத்தா வழி தவறினால் டீக்கடைக்காரர் கையைப் பிடித்து வீட்டில் விட்டிருப்பார். கேட்டால், "ஒண்ணும் பிரச்சினை இல்லீங்களே" என்பார்கள். பொய்யில்லை. குடும்பமும் தெருவும் சேர்ந்து நோயை மறைத்துத் தாங்கின. ஆனால் தாங்கப்பட்டவருக்கு வைத்தியம் கிடைக்காமலே போனது. பிள்ளைகள் வேறு ஊருக்குப் போய், பழைய தெருக்காரர்கள் அடுக்குமாடிக்கு மாறும்போதுதான் நோய் ஒரேயடியாக வெளியே தெரிகிறது. 2023இல் வெளியான தேசிய மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேர், அதாவது சுமார் 88 லட்சம் பேர், மறதிநோயோடு வாழ்கிறார்கள்.

மீதமுள்ள பெரும்பாலோருக்கு வருவது வெறும் வயதின் மறதி. பேர் தொண்டையில் நிற்கும், பத்து நிமிடம் கழித்து வந்துவிடும். மூக்குக்கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுவார்கள். கல்மண்டபத்துக்கு எதற்கு வந்தோம் என்று ஒரு கணம் யோசிப்பார்கள். இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். நாற்பது வருஷம் நடந்த தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, சொன்னதையே ஒரு மணி நேரத்தில் பலமுறை கேட்பது, பழகிய சமையலின் வரிசையே புரியாமல் போவது, குணம் திடீரென்று மாறுவது ஆகியவை டாக்டரிடம் போக வேண்டிய அறிகுறிகள். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்யலாம்.

வடசென்னைக்குத் தனியாக ஒரு கவலை உண்டு. மறதிநோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணங்களில் காது மந்தத்தையும் காற்று மாசையும் படிப்பு கிடைக்காததையும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் சேர்த்திருக்கிறது. இயந்திர இரைச்சலில் முப்பது வருஷம் நின்றவர்களும், 2009லேயே மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கடும் மாசுப் பட்டியலில் இடம்பெற்ற மணலியின் புகையைச் சுவாசித்தவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளிக்கு ஓய்வுக்குப் பிறகும் காதுப் பரிசோதனை கிடைக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது நியாயமான கோரிக்கையாக இருக்கும்.

வீட்டில் எண்பதைத் தாண்டியவர் இருந்தால் அவரிடம் வயதைக் கேட்காதீர்கள். கப்பல் தரைதட்டிய புயலில் எங்கே இருந்தீர்கள், வீட்டுக்கூரை என்ன ஆனது என்று கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். கதை கொஞ்சம் மாறுவது இயல்பு; மேலே சொன்ன அறிகுறிகள் தெரிந்தால், அந்த நோட்டையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் முதியோர் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567.