கரிசல் சரக்கும் காப்பீட்டுத் தாளும்: தோணிக் காலம் முதல் கன்டெய்னர் காலம் வரை

கழுகுமலை, கோவில்பட்டி வட்டாரக் கரிசல் பருத்தி 'டின்னவெலி' என்ற பெயரில் லிவர்பூல் சந்தை வரை போனது. 1861இல் மூண்ட அமெரிக்க உள்நாட்டுப் போர் அதன் விலையை ஏற்றிவிட்டது. 1876இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாகத் திறந்தது. பருத்தியைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அதனோடு பயணம் போன காப்பீட்டுத் தாளைப் பற்றிய பேச்சு குறைவு.

தூத்துக்குடிக் கரையோரத்தில் அன்று ஆழமில்லை. கப்பல் பல மைல் தள்ளி நங்கூரமிட, பொதிகளைத் தோணியில் கொண்டுபோய் ஏற்றினார்கள். சரக்கு நனையக்கூடிய முதல் இடம் அதுதான். லண்டன் காப்பீட்டுச் சந்தையான லாயிட்ஸ் 1779இல் ஏற்ற 'எஸ்.ஜி.' பாலிசியின் சொற்களோ, சரக்கு கப்பலில் ஏறிய பிறகே காப்பு தொடங்கும் என்றன. கரைக்கும் கப்பலுக்கும் இடையில் நேரும் நட்டம் காப்பீட்டாளரைச் சேராது என்பதை 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் கடல் காப்பீட்டுச் சட்டமும் உறுதிசெய்தது. தோணிப் பயணத்துக்கும் காப்பு வேண்டுமென்றால் தனி வாசகம் சேர்க்க வேண்டும். பருத்தி போன்ற சரக்கில் 3 சதவீதத்துக்குக் குறைந்த பகுதிச் சேதத்துக்கு, கப்பல் தரைதட்டியிருந்தாலொழிய, பணம் கிடையாது என்ற வரியும் அதே தாளில் இருந்தது. ஏற்றுமதி நிறுவனத்தின் மேசையில் தீர்ந்த இந்த விவகாரம் காட்டில் பருத்தி எடுத்தவர் காதுக்கு எட்டியிருக்காது.

விற்பவரே கப்பல் கூலியும் காப்பீடும் கட்டும் சி.ஐ.எஃப். முறை பரவியபோது, அந்தத் தாள் காசுக்கு ஈடான ஆவணமாயிற்று. புறக்குறிப்பு எழுதிக் கைமாற்றலாம். கப்பல் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கோடு சேர்த்து வங்கியில் நீட்டலாம். முழு பாலிசிக்குப் பதிலாகச் சான்றிதழ் கொடுத்தால் போதுமா? போதாது என்றது 1921இல் ஒரு லண்டன் தீர்ப்பு. வணிகம் காத்திருக்கவில்லை. பல ஏற்றுமதிகளுக்குச் சேர்த்து ஒரே 'ஓப்பன் கவர்' எடுத்து, ஒவ்வொரு சரக்குக்கும் சான்றிதழ் எழுதும் பழக்கம் வளர்ந்தது. வாங்குபவரின் வங்கி பணத்துக்கு உறுதி தரும் கடிதமான எல்.சி.க்குச் சர்வதேச வணிகச் சபை 1933இல் வெளியிட்ட விதிகள் பலமுறை திருத்தப்பட்டு, இன்று 2007 முதல் நடப்பிலுள்ள யு.சி.பி. 600 ஆக நிற்கின்றன. அதன் 28ஆம் பிரிவு சான்றிதழை ஏற்கிறது. தற்காலிகச் சீட்டான கவர் நோட்டை ஏற்பதில்லை. ஏற்றுமதி நாளுக்குள் காப்பு தொடங்கியிருக்க வேண்டும். எல்.சி. வேறு தொகை சொல்லாவிட்டால் சி.ஐ.எஃப். மதிப்பில் குறைந்தது 110 சதவீதம், எல்.சி.யின் நாணயத்திலேயே இருக்க வேண்டும்.

இதற்கிடையே இந்தியாவுக்கு 1963இல் சொந்தக் கடல் காப்பீட்டுச் சட்டம் வந்தது. 1974இல் தூத்துக்குடி பெரிய துறைமுகமானது. கரிசலின் ஏற்றுமதிச் சரக்கில் தீப்பெட்டி முக்கிய இடம் பிடித்தது.

தீப்பெட்டி ஆபத்தான சரக்குப் பட்டியலில் 4.1 வகுப்பு, அதாவது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள். ஆகவே எல்லாரும் நெருப்பையே நினைக்கிறார்கள். என் கணிப்பில் ஈரமே பெரிய பகை: கன்டெய்னருக்குள் வியர்க்கும் நீரில் குச்சி நமுத்துவிட்டால் பெட்டி குப்பை. 1982இல் எஸ்.ஜி. படிவத்துக்கு மாற்றாக வந்த ஏ, பி, சி காப்பு வாசகங்களில், சி பிரிவு தீச்சேதத்தை ஏற்கும். கடல்நீர் புகுந்தால்கூடக் கைவிரிக்கும். பி பிரிவு கடல்நீரை ஏற்கும். வியர்வை நீருக்கு ஏ பிரிவுதான் வழி. அதுவும் பண்டத்தின் இயல்பான குறையால் வரும் சேதத்தைத் தள்ளிவைக்கும். விற்பவர், வாங்குபவர் கடமைகளை வகுக்கும் இன்கோடெர்ம்ஸ் 2020 விதிகளின்படி சி.ஐ.எஃப். விற்பனையாளரின் குறைந்தபட்சக் கடமை சி பிரிவு மட்டுமே.

வங்கி தாளைத்தான் பார்க்கும், தீப்பெட்டியை அல்ல. 'வழக்கமான அபாயங்கள்' என்று எல்.சி. மேம்போக்காகச் சொன்னால், எது விடுபட்டது என்று கேளாமல் தாளை ஏற்கும்படி யு.சி.பி. விதியே சொல்கிறது. அப்படி விற்பவருக்குப் பணம் வந்துவிடும். நமுத்த சரக்கின் நட்டம் சட்டப்படி வாங்குபவருடையது. அடுத்த ஆர்டர் வருமா என்பது வேறு விஷயம். தோணிக் காலத்தில் காப்பு தொடங்கும் இடத்தில் ஓட்டை இருந்தது; இன்று அந்த ஓட்டை, காப்பு எந்த அபாயங்களை ஏற்கிறது என்பதில் இருக்கிறது. விலை பேசும்போதே ஏ பிரிவைக் கேட்டு எல்.சி.யில் எழுதவைப்பதே கழுகுமலைத் தீப்பெட்டி ஏற்றுமதியாளருக்கு நல்லது. எல்.சி. திறந்தபின் மாற்ற வேண்டுமென்றால் வங்கிகளும் வாங்குபவரும் சம்மதிக்க வேண்டும்.