வாவியின் இசையும் செவியின் திறனும்

மட்டக்களப்பை 'மீன்பாடும் தேன்நாடு' என வழங்குவது நெடுநாள் மரபு. நிலவொளி பரந்த இரவுகளிலே, கல்லடிப் பாலத்தருகே, வாவியின் அடியிலிருந்து மெல்லிய இசை எழும் என்பர். அதனைக் கேட்டோரும் உளர். தேடிச் சென்றும் கேளாது மீண்டோரும் உளர். கேளாதோர் அதனைக் கற்பனையென ஐயுறுதல் இயல்பே. அவ்வையம் நீங்குதற்கு மனிதச் செவியின் இயல்பை அறிதல் வேண்டும்.

இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக விளங்கிய சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இதனைத் தாமே அறிய முற்பட்டார். நிலவெழுந்தபின் மீனவருடன் தோணியேறி, ஒல்லாந்தர் கோட்டைத் துறையிலிருந்து ஏறக்குறைய 200 யார் சென்றார். காற்று அசையவில்லை, துடுப்பு எழுப்பிய சலனமன்றி நீரில் வேறு சலனமும் இல்லை. ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்குங்கால் எழும் அதிர்வை ஒத்த நுண்ணொலிகள் பலவற்றை அவர் கேட்டார். தோணியின் பலகையிற் செவியை வைத்தபோது அவை மேலும் வலுத்தன. மீனவரோ அவ்வொலி ஊரி என்னும் நத்தையினத்தினது என்றனர். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலானந்தர், பிற்காலத்தில் இவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கொண்டு பாடினார்.

ஆயின், எல்லா இரவுகளும் அத்துணை அமைதியானவை அல்ல. காற்று வீசும், அலை தோணியில் மோதும், துடுப்பும் ஓசை செய்யும். இவற்றினிடையே நுண்ணொலியைச் செவி பிரித்தறிவது எங்ஙனம்?

ஓர் ஒலியை மறைப்பது பெரும்பாலும் அதன் சுருதிக்கு அண்மையிலுள்ள இரைச்சலே என்பதனை, அமெரிக்க அறிஞர் ஹார்வி ஃபிளெச்சர் 1940இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். ஒரேசீரான இரைச்சலிலே தொலைவிலுள்ள சுருதிகளைச் சேர்த்தாலும் கேட்கும் திறனிற் பெருமாற்றம் இல்லை. ஆயின் ஹால், ஹகார்ட், ஃபெர்னாண்டஸ் என்போர் 1984இல் வியத்தகு முடிவொன்றை வெளியிட்டனர். இரைச்சலின் எல்லாச் சுருதிகளும் ஒருங்கே ஏறி இறங்குமாயின், இரைச்சலை விரிவாக்க விரிவாக்க மறைந்த ஒலி எளிதிற் கேட்கும். இந்த நன்மை ஏறக்குறைய 10 தெசிபெல் வரை அமையலாம்.

இதன் காரணம் யாது? அலையும் துடுப்பும் எழுப்பும் ஓசை பல சுருதிகளில் ஒரே கணத்தில் எழுந்து, ஒரே கணத்திற் தாழும். தொலைச் சுருதிகள் தாழ்வதைக் கொண்டு, உற்றுக்கேட்க வேண்டிய கணத்தைச் செவியும் மூளையும் உணர்கின்றன. ஏனைய சுருதிகள் தாழ்ந்தபின்னும் ஒன்று மட்டும் தாழாது நிற்பின், அங்கே வேறோர் ஒலி உண்டென்பதும் புலனாகிறது.

1924இல் திறக்கப்பட்ட கல்லடி இரும்புப் பாலத்தின் அருகே, 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. வாகன இரைச்சல் இடையறாது தொடருமாயின் செவி பற்றிக்கொள்ளும் இடைவெளி அற்றுப்போம். உட்செவி நலிந்தோர்க்கோ, இடைவெளி இருந்தும் அதன் பயன் குறைவே. ஆதலின், வாவியின் இசை எதிர்காலத்தோர்க்கும் கேட்க வேண்டுமாயின், வாவியின் உயிரினங்களோடு அதன் இரவின் அமைதியையும் பேணுதல் வேண்டும்.