சாயவேரும் இம்பூறலும்

தூத்துக்குடிக் கடற்கரை என்றதும் முத்தையே நினைக்கிறோம். மணற்பாங்கில் விளையும் சாயவேரை நினைப்பாரில்லை. 1658-இல் போர்த்துக்கீசியரிடமிருந்து இத்துறையைக் கைப்பற்றிய டச்சுக்காரர் இங்கே பெரிதும் நாடிய சரக்கு துணியே. நம் மரக்காயர்களும் அவ்வாணிபத்தில் சிறந்திருந்தனர். பருத்தித் துணிக்குச் செந்நிறமளித்தது இம்மெல்லிய வேர். அதற்காக மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளில் வேர் தோண்டுவோரையும் டச்சுக் கம்பெனி தன் பிடியில் வைத்திருந்தது.

1868-இல் ஜெர்மானியர்களான கிரேபேயும் லீபர்மனும், இவ்வேரிலுள்ள அலிசரின் என்னும் சாயப்பொருளைச் செயற்கையாக உண்டாக்கினர். பின்னர் அதனை நிலக்கரித் தாரிலிருந்து மலிவாகச் செய்யலாயினர். வேரின் சந்தை சரிந்தது.

ஆயினும் வேர் அழியவில்லை. சித்த மருத்துவர்கள் இச்செடியை இம்பூறல் என்பர். இருமலுக்கும் இளைப்புக்கும், சிறப்பாக இரத்தம் கக்கும் நோய்க்கும், இதன் வேரைக் குடிநீராக்கித் தருவர். துணியைச் சிவக்கச் செய்த வேரையே குருதியை நிறுத்தவும் கையாண்டது வியப்பன்றோ! நாட்டு மருந்துக் கடையில் இன்று கேட்க வேண்டியதும் சாயவேரையன்று, இம்பூறலையே.