அந்தமான் வீட்டுத் தச்சுப்பட்டறை: மரமும் பெயரும் ஆணையும்

முன்னுரை

அந்தமான் தீவுகளின் மர வரலாறு பெரும்பாலும் வனத்துறையின் வரலாறாகவும் ஏற்றுமதியின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. வெட்டிய மரத்தின் அளவும் அது ஈட்டிய வருவாயும் ஏடுகளில் ஏறின. அதே மரத்தைத் தன் வீட்டுத் தாழ்வாரத்தில் இழைத்துக் கட்டிலும் பெட்டியும் செய்த தச்சருக்கு அவ்வேடுகளில் கிடைத்த இடம் மிகக் குறைவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்களுள் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர். ஆதலின், வீட்டுத் தச்சுப்பட்டறையை மையமாகக் கொண்டு மரத்தின் வரவு, மரப்பெயர், வடிவமைப்பு, சட்டம் ஆகியவற்றை ஆராய்வது தமிழாய்வுக்கும் உரியதே. இக்கட்டுரை அதற்கான ஒரு தொடக்க முயற்சியாகும்.

அரசுப் பட்டறையும் வீட்டுப் பட்டறையும்

1858ஆம் ஆண்டில் போர்ட் பிளேரில் தண்டனைக் குடியிருப்பு நிறுவப்பட்டது. (இந்நகர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.) 1883இல் வனத்துறை தோன்றியது, அதே ஆண்டில் சாத்தம் தீவில் மர அறுவை ஆலை தொடங்கப்பட்டது. கைதிகளின் உழைப்பும் யானைகளின் வலிவும் காட்டு மரங்களைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தன. ஃபீனிக்ஸ் பே பகுதியில் அரசுப் பட்டறைகள் இயங்கின. இங்ஙனம், தச்சுத் தொழில் இத்தீவுகளில் முதலில் அரசின் தொழிலாகவே வேரூன்றியது எனலாம்.

எனினும், பல்லாண்டுகள் தண்டனை கழித்த கைதிகள் தம் உழைப்பால் வாழ்ந்துகொள்ளும் உரிமை பெற்றுச் சிற்றூர்களில் குடும்பத்தோடு குடியேறினர். வீடு தோன்றிய இடத்தில் கதவும் கட்டிலும் தேவைப்பட்டிருக்கும். வீட்டுப் பட்டறையின் தோற்றுவாயை இக்குடியேற்றத்தில் காண்பது பொருந்தும். 1949 முதல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகளும், பின்னர்த் தமிழகம், இலங்கை முதலிய இடங்களிலிருந்து வந்தோரும் இத்தேவையைப் பெருக்கினர்.

அதே வேளையில் சிறந்த மரம் வெளியே சென்றது. அந்தமானுக்கே உரிய செம்மரமாகிய படாக், ஐக்கிய அமெரிக்காவில் 'வெர்மிலியன்' என்ற பெயருடன் புல்மன் தொடர்வண்டிப் பெட்டிகளை அழகுசெய்தது. தீவின் மரம் உலகறிந்த பொருளாயிற்று. தீவின் தச்சர் உலகறியாதவராகவே இருந்தார்.

மரப்பெயர்கள் காட்டும் வரலாறு

அந்தமான் மரவாணிகத்தில் வழங்கும் பெயர்களுள் படாக், பிய்ன்மா, கோக்கோ, தீது ஆகியவை பர்மிய மொழியின. குர்ஜன், தூப், பாதாம், பப்பீதா ஆகியவை வங்காளம், இந்தி வழி வந்தவை. பர்மாவிலிருந்து அனுப்பப்பட்ட கைதிகளும், 1925இல் மாயாபந்தர் அருகே வெபி என்ற ஊரில் குடியேறிய கரேன் மக்களும், பர்மியக் காடுகளில் பழகிய வனத்துறை மரபும் இங்கு நினைக்கத்தக்கவை. ஒரு மரப்பட்டியலே குடியேற்ற வரலாற்றின் ஆவணமாக நிற்கிறது.

இம்மரங்கள் தமிழுக்கு அயலானவை அல்ல என்பதே இங்குக் கருதத்தக்கது. படாக், தமிழகத்து வேங்கையின் பேரினத்தைச் சார்ந்தது. கோக்கோ என்பது வாகையே. பிய்ன்மா பூமருதின் இனம். தீது இலவத்தின் இனம். பாதாம் மருதத்தின் இனம். கருமையும் வெண்மையும் வரிவரியாய்க் கலந்த 'மார்பிள்' மரம் கருங்காலியின் இனம். வேங்கையும் வாகையும் குறிஞ்சிப்பாட்டின் மலர்ப்பட்டியலில் இடம்பெற்றவை. வாகை, வெற்றியைக் குறிக்கும் புறத்திணைக்கே பெயராயிற்று. இலக்கியத்தில் வாகை என்று பயின்ற மரத்தைத் தீவிலுள்ள தமிழர் கோக்கோ என்ற பெயரால் விலைக்கு வாங்கும் நிலை, சொல்லாய்வாளர் நோக்குதற்குரியது. தமிழ்த் தச்சரின் கருவிப்பெயர்களோ உளி, இழைப்புளி, வாய்ச்சி, கொட்டாப்புளி, மூலைமட்டம் எனத் தமிழாகவே உள்ளன. கருவி கையோடு வருவது. மரம் இடத்தோடு அமைவது. இவ்வேறுபாடே பெயர்களிலும் படிந்துள்ளது.

ஈரக்காற்றும் வடிவமைப்பும்

போர்ட் பிளேர் ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை பெறும் இடமாகும். காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காடாக நிலைத்தால், மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் வந்து நிற்கும். உள்நாட்டின் வறண்ட நகரங்களில் இது மிகக் குறையும். ஆகவே தீவில் இறுகப் பொருந்திய பொருத்து, வேறிடத்தில் பிளவுபடக்கூடும்.

இவ்வியல்பே வீட்டுப் பட்டறையின் அமைப்பை வரையறுக்கிறது. சுவர் சூழ்ந்த அறையைவிடக் கூரை நீண்ட, இருபுறமும் காற்றோடும் தாழ்வாரமே ஏற்றது. பலகைகளைத் தரையில் படாமல், இடையிடையே குச்சிகள் வைத்து அடுக்கி உலர்த்துதல் வேண்டும்; ஓரங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது பொதுவான கணக்கு. துருப்பிடிக்கும் கருவிகளுக்கு எண்ணெய்ப் பூச்சு நாளும் வேண்டும். படாக் தூள் மூக்கையும் கண்ணையும் உறுத்துவதாலும் காற்றோட்டம் இன்றியமையாதது.

வடிவமைப்பிலும் இதே நெறி செயற்படுகிறது. கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு ஒட்டாமல், காடியில் தளர்வாக நிறுத்துவர். பலகை விரிந்து சுருங்க அது வழிவிடும். மேசையின் மேற்பலகையையும் அசைவிற்கு இடமளித்தே பிணைக்க வேண்டும். அழகு என நாம் காணும் சட்டமும் பலகையுமான கதவு, உண்மையில் காற்றுக்கு அளிக்கப்பட்ட விடையாகும்.

2002ஆம் ஆண்டின் ஆணை

சிறிய அந்தமானில் ஓங்கே மக்களின் காடு வெட்டப்படுவதை எதிர்த்துச் சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. சேகர் சிங் ஆணையத்தின் பரிந்துரைகளை ஏற்று உச்சநீதிமன்றம் 2002 மே 7இல் ஆணை பிறப்பித்தது. பழங்குடியினர் காப்பகங்களிலும் தேசியப் பூங்காக்களிலும் மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. தீவுகளுக்கு வெளியே மரம் அனுப்புதலும் விலக்கப்பட்டது. தீவு மக்களின் உண்மைத் தேவைக்கு மட்டுமே மரம் என்பது நெறியாயிற்று.

இவ்வாணை வீட்டுப் பட்டறைக்கு இரு முகங்களைக் காட்டிற்று. ஏறத்தாழ 120 ஆண்டுகள் பிற நாட்டு மாளிகைகளையும் வண்டிகளையும் நாடிச் சென்ற மரம், முதன்முறையாகத் தீவின் வீட்டிற்கே உரியதாயிற்று. ஆனால் அளவு சுருங்கியது. ஆதலின் பெரும்பலகையைத் தாராளமாக அறுத்துச் செய்யும் கனத்த கட்டில், சட்டம் மெலிந்த, பழுதுபார்க்கத்தக்க, துண்டையும் வீணாக்காத வடிவத்திற்கு இடம்விட வேண்டியுள்ளது. பழைய மரவீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உலர்ந்த மரமும் இன்று மதிப்புடையதாகிறது. ஒரு கட்டிலின் அளவைத் தீர்மானிக்கும்போது தச்சர் ஓங்கே மக்களின் காட்டையும் அளக்கிறார் என்றால் மிகையன்று.

முடிவுரை

1. அந்தமான் தச்சு அரசுப் பட்டறையில் தொடங்கி, குடியேற்றத்தின் வழி வீட்டிற்கு வந்தது எனக் கொள்ளலாம்.

2. மரப்பெயர்கள் பர்மிய, வட இந்தியத் தொடர்புகளையும், தமிழ்ப் பெயர்கள் அங்கு வழக்கில் இடம்பெறாமையையும் காட்டுகின்றன.

3. ஈரக்காற்றும் 2002ஆம் ஆண்டின் ஆணையும் வடிவமைப்பின் இரு எல்லைகளாக அமைந்துள்ளன.

ஆலையில் செய்த ஒட்டுப்பலகைப் பொருள்கள் பெருகும் இக்காலத்தில், இழைப்புளியோடு சேர்ந்து அதன் சொல்லும் மறையும் நிலை உள்ளது. தீவுகளிலுள்ள தமிழ்த் தச்சர்களிடம் நேரில் சென்று தொழிற்சொற்களைத் தொகுப்பது தமிழ்த்துறைகள் உடனே மேற்கொள்ளத்தக்க பணியாகும். கைகள் ஓய்வதற்கு முன்னரே அது நிகழ்தல் வேண்டும்.