வல்லத்துப் பிள்ளையும் 703 என்ற எண்ணும்

குற்றாலத்து அருவிகளைப் பற்றி நம் இலக்கியம் நிறையவே பேசியிருக்கிறது. அந்த அருவிநீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் கலக்கும் நிலத்தில், வல்லம் என்னும் சிற்றூரில், 1901 ஏப்ரல் 5 அன்று பிறந்த சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளையைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு. இராமானுஜனைக் கொண்டாடிய களைப்பில் இவரை மறந்துவிட்டோமோ என்று தோன்றுகிறது.

பிள்ளையை அறிய 703 என்ற எண்ணே போதும். ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக இதை எழுதிப் பார்ப்போம். ஒன்றின் ஆறாம் அடுக்கு 1, இரண்டினுடையது 64, மூன்றினுடையது 729. கடைசி எண் 703ஐத் தாண்டிவிடுவதால் நமக்கு 64ம் 1ம் மட்டுமே உதவும். பத்து 64கள் சேர்ந்தால் 640. மீதி 63க்கு அறுபத்து மூன்று ஒன்றுகள். ஆக, குறைந்தது 73 உறுப்புகள் வேண்டும்.

இதுவரை பள்ளிக் கணக்குதான். எத்தனை பெரிய எண்ணாயினும் 73க்கு மேல் தேவைப்படாது என்று நிறுவுவதே கடினம். எண்கள் முடிவற்றவை, ஒவ்வொன்றாகச் சோதித்துத் தீராது. 1770இல் வேரிங் எழுப்பிய கேள்வியின் ஒரு பகுதி இது. ஒவ்வோர் அடுக்குக்கும் அத்தகைய எல்லை உண்டு என்பதை மட்டும் 1909இல் ஹில்பர்ட் நிறுவினார். அந்த எல்லை எது என்பதை, ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் டிக்சனும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பிள்ளையும் 1936 வாக்கில் தனித்தனியே பெரிதும் தீர்த்தனர். எஞ்சி நின்ற ஆறாம் அடுக்கை 1940இல் பிள்ளை முடித்தார். ஐந்தாம் அடுக்குக்கு 1964இல் சீனத்துச் சென் ஜிங்ருன் வரவேண்டியிருந்தது. நான்காம் அடுக்கு 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவர் நம் இரா. பாலசுப்பிரமணியன்.

பிள்ளையின் இன்னொரு முடிவு எளிமையில் வியக்க வைப்பது. அடுத்தடுத்து வரும் பதினாறு எண்கள் வரை எவற்றை எடுத்தாலும், மற்றவற்றோடு ஒன்றைத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாத எண் ஒன்றேனும் அவற்றுள் இருக்கும். பதினேழில் இது பொய்த்துவிடுகிறது. 2184 முதல் 2200 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் உறவு உண்டு: 2189க்கும் 2200க்கும் 11, 2197க்கும் 2184க்கும் 13. அன்பர்கள் தாளும் பென்சிலும் எடுத்து மற்றவற்றையும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

குழந்தைப் பருவத்தில் தாயையும் பள்ளிப் பருவத்தில் தந்தையையும் இழந்தவர். ஓர் ஆசிரியரின் பரிவால் படிப்பைத் தொடர்ந்தவர். 1950இல் பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனம் ஓராண்டுக்கு அழைத்தது. ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ளவிருந்தார். ஆகஸ்ட் 31 அன்று கெய்ரோவிலிருந்து கிளம்பிய விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது 49.

அடுத்த முறை குற்றாலம் செல்கையில், செங்கோட்டைச் சாலையில் சற்று நின்று வல்லத்தையும் பார்த்து வருவோம்.